மஞ்சள் கேபிளின் மகிமை

அந்தக் குடியிருப்பில் லிஃப்ட் ஓடாமல் நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதைப் பற்றி யாருக்கும் பெரிய கவலை இல்லை. ஐந்தாவது மாடியில் இருந்த பொது மண்டபத்துக்குப் படியேறுகிற கூட்டம் மட்டும் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போனது. முழங்கால் வலிக்காரர்கள் ஏறினார்கள். இடுப்புப் பிடிப்புக்காரர்கள் ஏறினார்கள். கீழே போய்ப் பால் வாங்கி வரச் சொன்னால் இருமிக் காட்டுகிறவர்கள்கூட, வீட்டு மோடத்தைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிப் போகிற முகத்தோடு ஏறினார்கள். மேலே ஒளியண்ணல் இருந்தார்.

ஒளியண்ணல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. தனக்குத் தானே சூட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டால் 'தவம்' என்பார். பேருந்து நிலைய வாசலில் கைபேசி உறை விற்பதைத் தவம் என்று சொல்லக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆகையால் நாமும் அதை விட்டுவிடலாம்.

அவருடைய உபதேசம் சுருக்கமானது. கேபிளுக்குள் ஓடுவது ஒளி. ஒளிக்கு உயிர் உண்டு. உயிர் இருந்தால் மனசு இருக்கும். மனசு இருந்தால் அது கோபித்துக்கொள்ளும். இதில் முதல் வாக்கியம் உண்மை. கெட்டிக்கார மோசடிக்காரன் எப்போதும் ஓர் உண்மையைச் சொல்லித்தான் கடையைத் திறப்பான். அதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள் அடுத்த மூன்றுக்கும் ஆட்டிய தலையை நிறுத்த மறந்துவிடுவார்கள்.

கேபிளின் நிறத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்றார் அண்ணல். வெள்ளைக் கேபிளில் ஒளி சோகை பிடித்து ஓடும். கறுப்பில் முரடாகிவிடும். மஞ்சளில் மட்டும்தான் குடும்பத்தோடு ஒத்துப்போகும். அந்த மஞ்சள் கேபிள், இருபத்தேழு செப்பு வளையம் மாட்டியது, உலகத்திலேயே அவரிடம் மட்டும்தான் கிடைக்கும். ஒரு மனிதருக்கு இவ்வளவு வசதியாகவா உண்மை அமையும் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெங்காயம் வாங்க நான்கு கடை ஏறி இறங்கி, ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கிற ஜனங்கள் அவர்கள்.

அண்ணலுக்கு ஓர் உதவியாளர் உண்டு. அறுபதை நெருங்கியவர், ஒல்லி, முகத்தில் நிரந்தரமாக ஒரு துக்கம். கேபிளுக்கு நாடி பார்ப்பதால் அவரை எல்லோரும் நாடிக்காரர் என்றே அழைத்தார்கள். முதலில் அவர்தான் வீடு வீடாக வருவார். மோடத்துக்குப் பின்னால் குனிந்து, கேபிளை இரண்டு விரலால் பிடித்துக் கண்ணை மூடி, "தளர்ந்திருக்கு. இப்பவோ அப்பவோன்னு இருக்கு" என்பார். அவர் சொல்லி நிமிர்வதற்குள் மோடத்தின் பச்சை விளக்கு சிவப்பாகிவிடும். வீட்டில் இருப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். வைத்தியர் நாடியைத் தொட்டதும் நோயாளி போய்விட்டால் ஊர் வைத்தியரைச் சந்தேகப்படும். இங்கே கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பிறகு அண்ணல் வருவார். ஒளி கூச்ச சுபாவம் உள்ளது, ஆகையால் குடும்பம் முழுவதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவர் மோடத்துக்குப் பின்னால் ஏதோ முனகுவார். சிறிது நேரத்தில் "திரும்பலாம்" என்பார். திரும்பினால் பச்சை விளக்கு எரியும். கேபிளில் ஒரு செப்பு வளையம் ஏறியிருக்கும். அதன் காவல் நாற்பது நாள். நாற்பத்தோராம் நாள் காலையில் நாடிக்காரர் மறுபடியும் கதவைத் தட்டுவார்.

மூன்றாவது மாடியில் அக்கா இருந்தாள். அக்காவுக்கு வேலை வீட்டில் இருந்தபடியே. எங்கோ ஒரு மருத்துவமனையில் டாக்டர் ஒரு மொழி பேசுவார், நோயாளி இன்னொரு மொழி பேசுவார், நடுவில் திரையில் அக்கா உட்கார்ந்து இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் மாற்றிச் சொல்வாள். சேர்ந்து ஐந்து மாதம்தான். பாதிப் பேச்சில் இணைப்பு அறுந்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும். மூன்று கடிதம் வந்தால் வேலை போய்விடும். அக்காவுக்கு இரண்டு வந்திருந்தன. இரண்டுமே நாடிக்காரர் நாடி பார்த்த நாட்கள்.

அக்காவின் தங்கை வேறு தெருவில் இருந்தாள். அவள் பிழைப்பும் இதே ஒளியில்தான். கம்பத்தில் ஏறி, அறுந்த இழைகளைக் கண்டுபிடித்து, உறையை உரித்து, துடைத்து, நறுக்கி, சின்ன இயந்திரத்தில் வைத்து உருக்கி ஒட்டுகிறவள். தலைமுடியை விட மெல்லிய கண்ணாடி இழை அது. நறுக்கிய துணுக்கு விரலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நாலு நாள் உயிரை வாங்கும். வாரம் ஒரு தடவையாவது அக்காவின் சமையலறை விளக்கின் கீழே விரலை நீட்டிக்கொண்டு உட்காருவாள். அக்கா திட்டிக்கொண்டே இடுக்கியால் எடுத்துவிடுவாள். வீட்டு விஷயம் முழுவதும் அந்த நேரத்தில்தான் பேசி முடியும்.

அதற்கும் அண்ணல் வேட்டு வைத்தார். இரண்டாவது தடவை அக்கா வீட்டு ஒளிக்கு உயிர் கொடுத்தபோது, நெற்றியில் விரலை வைத்துக்கொண்டு, உடைந்த ஒளியைத் தொடுகிற கை ஒன்று இந்த வீட்டுக்குள் வந்து போகிறது, அந்தக் கை படியேறுவது நிற்கும் வரை இங்கே ஒளி தங்காது என்றார். அக்கா அரண்டுபோனாள். இவருக்கு எப்படித் தெரிந்தது? தங்கை வேலைப் பையோடும் ஏணியோடும் வாராவாரம் வாசலைக் கடந்துதான் வருகிறாள். வாசல் காவலாளியைக் கேட்டால் அவள் செருப்பு அளவைக்கூடச் சொல்வான்.

அக்கா போன் செய்தபோது தங்கை கம்பத்தின் மேல் இருந்தாள்.

"கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதேடி. இன்னொரு கடிதம் வந்தா என் வேலை போயிடும்" என்றாள் அக்கா. தங்கைக்குக் கோபம் வந்தது. அதை விட அழுகை வந்தது. கம்பத்தில் நின்றுகொண்டு அழுதால் கண்ணைத் துடைக்கக் கை கிடையாது என்பதால் சும்மா இருந்தாள்.

அடுத்த வாரம் அதே கட்டடத்தின் முதல் மாடியிலிருந்து அவளுக்கு ஒரு புகார் வந்தது. கொடுத்தவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். வேலையை விட்டு எட்டு வருடமாகியும் அவரை ஊரே கண்டக்டர் என்றுதான் சொல்லும். அவர் மனைவி ஐந்தாம் மாடிக்குப் பரம பக்தை. இவரோ டிக்கெட்டைக் கண்ணால் பார்க்காமல் யாரையும் நம்பியதில்லை. நேற்று இணைப்பு போனது, அண்ணல் வந்தார், சுவரைப் பார்க்கச் சொன்னார், வந்துவிட்டது, இது என்ன கூத்து என்று பார்த்துச் சொல் என்றார்.

தங்கை அலமாரியை நகர்த்தினாள். கேபிள் நேராகத்தான் இருந்தது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. அங்கே ஒரு சாண் நீளத்துக்கு உறை சுருள் சுருளாக நெளிந்திருந்தது, சுருட்டி வைத்துப் பிரித்த கூந்தல் மாதிரி. பென்சில் கனத்துக்கு யாரோ இறுக்கிச் சுற்றி, பிறகு விட்டிருக்கிறார்கள். அவள் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அதே இடத்தில் அதே சுருளைச் சுற்றினாள். பச்சை விளக்கு சிவப்பானது. பென்சிலை உருவினாள். கொஞ்ச நேரத்தில் பச்சை வந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் கண்டக்டர்.

இவ்வளவுதான் என்றாள் தங்கை. கண்ணாடிக்குள் போகிற ஒளி, மெதுவாக வளைத்தால் கூடவே வளைந்து போகும், வெடுக்கென்று சுருட்டினால் பக்கவாட்டில் கசிந்து வீணாகிவிடும். அதற்குக் கோபமும் இல்லை கூச்சமும் இல்லை. அன்று மாலைக்குள் ஏதேதோ காரணம் சொல்லி இன்னும் மூன்று வீட்டில் எட்டிப் பார்த்தாள். மூன்றிலும் அதே சுருள், அதே பென்சில் கனம்.

அக்காவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அவர் உன் கையைப் பத்திச் சொல்லிட்டார்னு உனக்கு ஆத்திரம். அதான் இப்படிப் பேசறே" என்றாள். கண்ணால் பார்த்ததைச் சொன்னால் ஆத்திரம். கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றால் ஞானம். தங்கை போனை வைத்துவிட்டாள்.

இதற்கிடையில் அண்ணல் அக்காவை மஞ்சள் கேபிள் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். அக்கா ஒரு வாரம் தவணை கேட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தவணை கேட்க ஆரம்பித்தார்கள். இந்த வியாதி பரவினால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று அண்ணலுக்குத் தெரியும். திங்கட்கிழமை மண்டபத்தில், எல்லோரும் கேட்க, அக்காவைக் காட்டி வாக்குச் சொன்னார். வரும் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இந்த வீட்டு ஒளி அடங்கும். சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம்.

வியாழக்கிழமை நாலிலிருந்து ஆறு வரை அக்காவுக்கு வேலை நேரம். விடுப்புக் கேட்டாள், கிடைக்கவில்லை. மஞ்சள் கேபிள் வாங்கக் கடன் கேட்டாள், அதுவும் கிடைக்கவில்லை. அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள் என்று தங்கைக்குச் சொன்னவர் அத்தான். அவர் ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை பார்ப்பவர். மனைவியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர். ஆனால் அன்று, என்ன செய்யணும்னு சொல்லு, நான் கதவைத் திறந்து விடறேன் என்றார்.

தங்கை யோசித்தாள். சுருளைப் பிரித்துவிடலாம். ஆனால் பிரிக்கப் பிரிக்கச் சுற்றுவார்கள். நாடிக்காரரை உள்ளே விடாமல் தடுக்கலாம். தடுத்தால், உயிர் போனதற்கு அதுதான் காரணம் என்பார்கள். சுருட்டினாலும் சாகாத கேபிள்தான் இதற்கு மருந்து.

அது ஒன்றும் கிடைக்காத பொருள் அல்ல. அவளுடைய வண்டியிலேயே அரைக் கட்டு கிடந்தது. வீட்டுக்குள் இழுப்பதற்கென்றே செய்த கேபிள். மூலை முடுக்கில் மடக்கலாம், கதவு நிலையை ஒட்டி ஆணி போட்டு ஓட்டலாம், நெருப்புப் பட்டாலும் புகை கக்கிக் கழுத்தை நெரிக்காது. விலையும் ஒன்றும் அதிகமில்லை. அக்கா வீட்டில் முன்பு வந்தவன் மிச்சம் பிடிக்கிற ஆசையில் வேறு ஏதோ சாதாரணத்தை இழுத்துவிட்டுப் போயிருந்தான். இரண்டும் வெள்ளை. இரண்டும் ஒரே பருமன். உறையின் மேல் எறும்பு எழுத்தில் அச்சடித்திருக்கிற எண்தான் வித்தியாசம். பழையதில் 652, இதில் 657. வீட்டுக்கு வருகிற கேபிளைப் பற்றி அக்கா கேட்ட ஒரே கேள்வி, சுவர் நிறத்துக்குப் பொருந்துமா என்பதுதான். இதில் அக்காவை மட்டும் குறை சொல்ல முடியாது.

புதன்கிழமை காலை அக்கா ஐந்தாம் மாடிக்குப் போனதும் அத்தான் கதவைத் திறந்தார். முக்கால் மணி நேரத்தில், நடைபாதைப் பெட்டியிலிருந்து மோடம் வரை, பழையதை உருவிப் புதியதை ஓட்டி ஒட்டினாள் தங்கை. அவசரத்தில் ஆள்காட்டி விரலில் ஒரு துணுக்கு ஏறிவிட்டது. பென்சிலில் ஐந்து சுற்று சுற்றிப் பார்த்தாள். பச்சை அசையவில்லை. அளவு பார்க்கிற கருவியில் முள் துளிதான் நகர்ந்தது. "நாளைக்கு அந்த ஆள் வந்தா தடுக்காதீங்க அத்தான். நல்லா உக்காந்து சுத்தட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பழைய செப்பு வளையத்தைக்கூட அதே இடத்தில் மாட்டி வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை நாலரைக்கே மூன்றாவது மாடி நடைபாதை நிரம்பிவிட்டது. முப்பது பேர் இருப்பார்கள். திறந்த கதவுக்குள்ளே அலமாரியில் மோடம், அதில் பச்சை விளக்கு. உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா வேலையில் இருந்தாள். டாக்டர் கேட்கிறார், மூச்சை இழுக்கும்போது வலிக்கிறதா, விடும்போது வலிக்கிறதா என்று அவள் கேட்பது மெல்லியதாக வெளியே வந்தது. குரல் நடுங்கியது. அறுவை சிகிச்சைக்குத் தயாராகிற ஒரு பெரியவருக்காக அவள் பேசிக்கொண்டிருந்தாள். வெளியே முப்பது பேர் அந்த வாய் எப்போது அடைபடும் என்று ஆவலோடு காத்திருந்தார்கள். மனசு கெட்டவர்கள் அல்ல. சொன்னது நடந்தால் ஒரு திருப்தி, அவ்வளவுதான்.

தங்கை படிக்கட்டு ஓரத்தில் கண்டக்டரின் பின்னால் நின்றாள். தான் போட்ட கேபிள் தோற்றால் அக்காவின் வேலை தன் கையாலேயே போகும். அதன் பிறகு அக்கா ஆயுசுக்கும் அவள் முகத்தில் விழிக்கமாட்டாள். கணக்குப்படி சரியாக வர வேண்டும் என்று தெரிந்திருந்தும் பச்சை விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நாலு ஐம்பதுக்கு நாடிக்காரர் கடைசியாக ஒரு தடவை நாடி பார்க்க உள்ளே போனார். அத்தான் மரியாதையாக வழி விட்டார். நாடிக்காரர் குனிந்தார், கண்ணை மூடினார். "இப்பவோ அப்பவோன்னு இருக்கு" என்று சொல்லி நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார். பச்சை. மறுபடி குனிந்தார். நிமிர்ந்தார். பச்சை. முகத்தில் இருந்த துக்கம் முதல் தடவையாக நிஜமானது.

"என்ன ஆச்சு?" என்றார் அண்ணல் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நாடி பலமா இருக்கு அண்ணலே" என்றார் நாடிக்காரர். அந்தத் தொழிலில் அவர் பேசிய முதல் உண்மை அது.

மணி ஐந்தானது. ஐந்து ஐந்தானது. அண்ணல் தாமே உள்ளே போய்க் குனிந்தார். வெளியே வரும்போது நெற்றியெல்லாம் வியர்வை. ஐந்து பத்து. பச்சை விளக்கு கண்கூட இமைக்கவில்லை. உள்ளே அக்காவின் குரலில் நடுக்கம் போய், பெரியவரைப் பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

தங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மோடத்துக்குப் பின்னால் கையை விட்டுக் கேபிளை முன்னால் இழுத்துப் போட்டாள். பென்சில் கனத்தில் ஏழு சுற்று. பிரியாமல் இருக்கக் காகிதக் கட்டுக்கு மாட்டுகிற கறுப்புக் கிளிப். அதை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தாள்.

"இதை யார் போட்டது?" என்றாள், உள்ளே அக்காவுக்குக் கேட்காத குரலில்.

நாடிக்காரர் அண்ணலைப் பார்த்தார். அண்ணல் கூரையைப் பார்த்தார். இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தை அறியாதவர்கள். நாலாம் மாடி அம்மாள் ஒருத்தி, மோடத்தை மார்போடு அணைத்து நின்றவள், அது காவல் கட்டாக இருக்குமோ, அதனால்தான் ஒளி போகவில்லையோ என்றாள். அண்ணலுக்கு முகம் மலர்ந்தது. அதேதான் என்றார். இந்தப் பெண்ணின் வேலை போய்விடக்கூடாதே என்று மனம் இரங்கி, விதியையே ஏழு சுற்றில் கட்டிப் போட்டேன் என்றார். நடைபாதையில் கைதட்டல் எழுந்தது. அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தங்கை சிரித்தாள். "காவல் கட்டுதானே அண்ணலே? நல்லது. இதையே உங்க மஞ்சள் கேபிளுக்கும் கட்டுவோம். உங்களுக்கும் காவல் வேணுமில்ல?"

வேண்டாம் என்று சொல்ல வழி இல்லை. முப்பது பேரும் ஐந்தாம் மாடிக்கு ஏறினார்கள். அங்கே அண்ணலின் மண்டபத்தில் பெரிய திரை ஒன்று உண்டு. அவருடைய அருளுரை இணையத்தில் நேரலையாகப் போகும், அதுவே திரையிலும் தெரியும். அவர் கீழே இறங்கியிருந்த நேரத்திலும் நேரலை நிற்கவில்லை. அவருடைய காலி நாற்காலியை நானூற்றுச் சொச்சம் பேர் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கை மஞ்சள் கேபிளைக் கையில் எடுத்தாள். இருபத்தேழு வளையத்தை ஒதுக்கிவிட்டு உறையைத் தேய்த்துப் பார்த்தாள். 652. அதே ஏழு சுற்று, அதே கிளிப். நாற்காலி திரையில் உறைந்தது. அப்புறம் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அப்புறம் அதுவும் போனது.

"தீட்டுப்பட்ட கை தொட்டா அப்படித்தான் ஆகும்" என்றார் அண்ணல்.

"அப்ப நான் தொடலை. கண்டக்டர் ஐயா தொடட்டும்" என்றாள் தங்கை. அவர் கையில் கிளிப்பைக் கொடுத்தாள். ஒளி உயிரோடு இருக்கிறதா அடங்கிவிட்டதா என்பது நெற்றியில் தெரியும் என்று அண்ணலே தினமும் சொல்கிறார், அது போதும் என்றாள். கண்டக்டர் கிளிப்பை மாட்டுவார் அல்லது கழற்றுவார். அண்ணல் எது என்று சொல்ல வேண்டும். எல்லார் வீட்டிலும் செய்வதுதான், இந்தத் தடவை ஆள் மட்டும் மாற்றம். "நீங்க சுவரைப் பாத்துத் திரும்பிக்குங்க அண்ணலே. ஒளி கூச்சப்படும்."

கூட்டத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அன்றைய தினத்தின் முதல் நல்ல சகுனம் என்று சொல்லலாம், சகுனத்தில் நமக்கு நம்பிக்கை இருந்தால்.

அண்ணல் சுவரைப் பார்த்து நின்றார். கண்டக்டர் கிளிப்பைக் கழற்றினார். விளக்கு நிறம் மாறச் சிறிது நேரம் எடுத்தது. பச்சை வந்தது. நாடிக்காரர் இருமினார்.

"உயிரோட இருக்கு" என்றார் அண்ணல். கைதட்டல் கூரையைப் பிடித்தது.

கண்டக்டர் நிதானமாக நாடிக்காரர் பக்கம் திரும்பினார். "முப்பத்திரண்டு வருஷம் பஸ்ல நின்னிருக்கேன். டிக்கெட் எடுக்காதவன் இருமறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். கொஞ்சம் வெளியில நில்லுங்க" என்றார். அத்தானே அவரை வெளியே கூட்டிப் போனார். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அடுத்தது கிளிப் மாட்டியிருந்தது. அண்ணல் உயிர் என்றார். அதற்கடுத்ததும் மாட்டியே இருந்தது. கண்டக்டர் அதைத் தொடவே இல்லை. அண்ணல், இப்போது இன்னும் நன்றாக ஓடுகிறது என்றார். அடுத்தது கழற்றியிருந்தது. அண்ணல் வெகு நேரம் நெற்றியைத் தேய்த்துவிட்டு, அடங்கிவிட்டது என்றார். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் ஒன்றாவது தேறியிருக்கும். ஐந்தாவது தடவை தலை சுற்றுகிறது என்று சுவரில் சாய்ந்துகொண்டார். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை.

நாலாம் மாடி அம்மாளின் வீட்டில் அன்று காலைதான் ஒளி அடங்கியிருந்தது. அவள் மெல்ல எழுந்தாள், படியிறங்கிப் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு கறுப்புக் கிளிப் இருந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் சில பேர் இறங்கினார்கள். கால் மணி நேரத்தில் மேசை மேல் ஆறு கிளிப் சேர்ந்தது. ஆறும் ஒரே கடையில் வாங்கியவை.

அண்ணல் பின்வாசல் பக்கம் நகர்ந்தார். லிஃப்ட் ஓடாததன் அருமை அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. ஐந்து மாடிப் படியையும் அவர் கால்நடையாகத்தான் இறங்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு படியிலும் அவர் ஏற வைத்த ஒரு முழங்கால்காரர் நின்றுகொண்டிருந்தார். கீழே காவலாளி கேட்டைப் பூட்டியிருந்தான். போலீசுக்கு அத்தான் போன் செய்திருந்தார். நாடிக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து, கேட்காமலேயே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு அக்கா அறையை விட்டு வெளியே வந்தாள். காதுக்கருவியைக் கழுத்தில் போட்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. "இணைப்பு அறுந்துபோகவே இல்லை" என்றாள் அத்தானிடம். "அந்தப் பெரியவர் கடைசியில எனக்கு நன்றி சொன்னாரு." அப்புறம்தான் மோடத்தடியில் உட்கார்ந்து கேபிளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்தாள். பக்கத்தில் ஏழு சுற்றுச் சுருளின் தழும்போடு வெள்ளைக் கேபிள் கிடந்தது. அத்தான் நடந்ததைச் சொன்னார். வெட்கம் அக்காவைப் பிடுங்கித் தின்றது.

தங்கையின் கையைப் பார்த்து, "விரல்ல என்ன?" என்றாள்.

"நேத்து ஏறினது. ஒண்ணும் இல்லை."

அக்கா உள்ளே போய் இடுக்கியை எடுத்து வந்தாள். தங்கையின் கையைப் பிடித்து விளக்கடியில் இழுத்து உட்கார வைத்தாள். மூன்று வாரமாகத் தொடாத கை அது. எடுக்கும்போது வழக்கம் போலத் திட்டினாள், ஆனால் பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கை அதைக் கவனிக்காதது போல் வேறு பக்கம் பார்த்தாள்.

அப்போது வாசலில் நாலாம் மாடி அம்மாள் வந்து நின்றாள். மார்போடு அதே மோடம். முகத்தில் அதே பயபக்தி.

"உன் கை பட்டா ஒளி சாகாதாமே? எங்க வீட்டுக்கும் ஒரு தடவை வந்து கை வச்சுட்டுப் போம்மா" என்றாள்.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். கையில் ஒன்றும் இல்லை, கேபிளின் மேலேயே எழுதியிருக்கிறது, வாங்கும்போது படித்துப் பார்த்தால் போதும் என்றாள்.

"அதெல்லாம் நான் எதுக்குப் படிக்கணும்? நீ சொன்னா போதாதா?"

"இப்படிச் சொல்லித்தான் மேல ஒருத்தரை வளத்தீங்க" என்றாள் தங்கை. மிச்சமிருந்த கேபிளில் ஒரு சாண் நறுக்கி, நுனியை ஒட்டுநாடாவால் மூடி, அந்த அம்மாளின் கையில் வைத்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதில் இருப்பதைப் படித்து வந்து சொல்லுங்கள், அப்புறம்தான் வருவேன் என்றாள்.

எழுத்து சின்னதுதான். சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்காதவர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.